வடசென்னைத் திருவிழாக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்: பேசிய தொகையைத் தாளில் எழுதித் தாருங்கள்

வண்ணாரப்பேட்டை, ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, புளியந்தோப்பு, பெரம்பூர், திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய பகுதிகளில் அம்மன் கோயில் திருவிழாக்களையும் தேவாலயப் பெருவிழாக்களையும் நற்பணி மன்றங்களின் ஆண்டு விழாக்களையும் நடத்தி வரும் குழுக்களின் தலைவர்கள், செயலாளர்கள், பொருளாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் தண்டையார்பேட்டையில் வசிப்பவன். பன்னிரண்டு பேர் கொண்ட ஒரு மெல்லிசைக் குழுவில் ரிதம் பேட் என்ற மின்னணுத் தாளக் கருவியை வாசிப்பதோடு, அக்குழுவின் வரவுசெலவு நோட்டையும் நானே எழுதி வருகிறேன். உங்களுள் பலருக்கு என் முகம் தெரிந்திருக்கும். கச்சேரி முடிந்து பந்தல்காரர்கள் விளக்குகளை அவிழ்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில், மீதிப் பணத்துக்காக மேடையின் பின்புறம் காத்து நிற்பவன் நான்தான். இந்த மடலில் எந்தக் குழுவின் பெயரும் எந்தத் தெருவின் பெயரும் புகாராக வராது. உங்களிடம் நான் வைக்கும் கோரிக்கை ஒன்றே. எங்களோடு வாயால் பேசி முடிக்கும் தொகையையும் நிபந்தனைகளையும் ஒரு பக்கத் தாளில் எழுதி, குழுவின் முத்திரையோடு கையெழுத்திட்டுத் தாருங்கள். பணத்தை இயன்ற அளவு வங்கிக் கணக்கின் வழியாகத் தாருங்கள். இவ்வளவு சிறிய விஷயத்துக்கு இவ்வளவு நீண்ட மடல் எதற்கு என்று தோன்றலாம். அந்தத் தாள் இல்லாததால் எங்கள் வாழ்க்கையில் எவையெல்லாம் நின்றுபோகின்றன என்பதைச் சொல்ல முதலில் எங்கள் கணக்கைத் திறந்து காட்ட வேண்டியிருக்கிறது.

ஆடி மாதத்தில் ஒரு தெருவில் நாங்கள் நடத்தும் கச்சேரிக்கு 50,000 ரூபாய் பேசப்பட்டதாக வைத்துக்கொள்வோம். எங்களைப் போன்ற நடுத்தரக் குழுவுக்கு அது நல்ல தொகை. 35,000க்கும் 40,000க்கும் போகும் இரவுகளே அதிகம். அந்த 50,000இல் எங்களை உங்களிடம் அறிமுகப்படுத்திய ஏஜென்டுக்கு 5,000 போய்விடும். கருவிகளை ஏற்றிச் செல்லும் குட்டியானைக்கும், பாடகர்கள் வரும் வேனுக்கும், ஏற்றி இறக்கும் பையன்களுக்கும் சேர்த்து இன்னொரு 5,000. மீதமுள்ள 40,000இல் முன்னணிப் பாடகர் இருவருக்குத் தலா 4,000, உடன் பாடும் இருவருக்குத் தலா 2,500, தொகுத்து வழங்குபவருக்கு 3,000, கீபோர்டு வாசிக்கும் இருவருக்குத் தலா 3,500, எனக்கு 3,000, டிரம்ஸ், டோலக், பேஸ் கிட்டார், புல்லாங்குழல் ஆகிய நால்வருக்குத் தலா 2,500 என்று கொடுத்தால் 36,000 தீர்ந்துவிடும். எஞ்சும் 4,000 ஒத்திகை அறையின் வாடகைக்கும், இரவுச் சாப்பாட்டுக்கும், அறுந்துபோன ஒயர்களுக்கும் போகும். குழுவின் தலைவர் கீபோர்டு வாசிக்கும் இருவருள் ஒருவர். தலைவர் என்பதற்காக அவருக்குத் தனிப் பங்கு எதுவும் இல்லை. பேனரில் அவருடைய படம் பெரிதாக இருக்கும், அவ்வளவுதான்.

ஒரு மாலைக்கு 2,500 ரூபாய் என்பது கேட்பதற்கு நன்றாகவே இருக்கிறது. ஆனால் டோலக் வாசிப்பவருக்கு அது ஒரு மாலையின் கூலியாக இருப்பதில்லை. பிற்பகல் இரண்டு மணிக்கு வண்டியில் சாமான்களை ஏற்றி, நான்கு மணிக்கு மேடையில் மைக் சரிபார்த்து, ஏழு மணிக்கு வாசிக்க உட்கார்ந்து, நள்ளிரவுக்குப் பிறகு வீடு திரும்பும் வரை அது ஒரு முழு நாள். அதற்கு முன்னால் ஒத்திகைக்கு வந்த மாலைகளுக்குச் சம்பளம் கிடையாது. புதிய படங்களின் பாடல்களை வீட்டில் உட்கார்ந்து பழகிய நேரத்துக்கும் கிடையாது. கருவிகளின் செலவு இன்னொரு பக்கம். மேடைக்குத் தகுதியான ஒரு கீபோர்டு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டுகிறது. ரிதம் பேட் அதைவிடக் குறைவு என்றாலும் எங்களுள் எவராலும் அதை ஒரே தவணையில் வாங்க முடிவதில்லை. டோலக்கின் தோல் மழைக்காலத்தில் தளர்ந்து கோடையில் இறுகும். காசிமேட்டுக் கடற்காற்றில் ஒரு சீசன் வாசித்த கிட்டாரின் தந்திகள் துருவேறிவிடுகின்றன. கன்டெய்னர் லாரிகள் ஓடும் எண்ணூர் நெடுஞ்சாலையோர மேடைகளின் தூசி, ஒலியைச் சீர்செய்யும் மிக்சரின் குமிழ்களுக்குள் புகுந்து கரகரப்பு உண்டாக்குகிறது. பழுது பார்க்கும் செலவை ஒவ்வொருவரும் தம் பங்கிலிருந்தே கொடுக்கிறார்கள். ஒரு வண்டி ஓட்டுநர் தம் டயர் தேய்மானத்தை வாடகையில் சேர்த்துக்கொள்வார். நாங்கள் சேர்த்துக் கேட்டால் “வாசிப்பதற்குத்தானே பணம் தருகிறோம்” என்று பதில் வருகிறது.

இதைவிடப் பெரிய சிக்கல், வேலை எல்லாம் ஒரே நாட்களில் குவிவது. ஆடியில் கூழ் வார்க்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் வடசென்னையின் அம்மன் கோயில் தெருக்கள் அனைத்திலும் மேடை இருக்கும். ஒரே இரவுக்கு எங்களை நான்கு குழுக்கள் கேட்கும். நாங்கள் ஒரு மேடையில்தான் ஏற முடியும். அந்த மாதத்தில் திருமணங்கள் இல்லை. புரட்டாசியிலும் மார்கழியிலும் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் மழை. பிப்ரவரியில் பெரம்பூர் லூர்து அன்னை திருத்தலப் பெருவிழாவை ஒட்டியும், கிறிஸ்துமஸ், புத்தாண்டு நாட்களிலும் தேவாலயங்களில் கீபோர்டு வாசிப்பவர்களுக்குக் கொஞ்சம் வேலை இருக்கும். சித்திரையும் தையும் சுமார். வாரச் சம்பளக்காரனைப் போல ஆண்டு முழுவதும் சம்பாதிக்கும் வழி இத்தொழிலில் இல்லை. ஏறத்தாழ இருபது, முப்பது நல்ல இரவுகளின் வருமானத்தை வைத்துப் பன்னிரண்டு மாத வாடகையையும் பள்ளிக் கட்டணத்தையும் பார்த்தாக வேண்டும். அவற்றுள் ஓர் இரவு கைவிட்டுப் போனால், அதை இன்னொரு இரவு வாசித்து ஈடுகட்ட முடியாது.

ஆகவே எங்களுள் அநேகமாக எல்லோருக்கும் பகலில் வேறு வேலை உண்டு. எங்கள் பேஸ் கிட்டார்க்காரர் கூரியர் நிறுவனம் ஒன்றில் பொருள் கொண்டு கொடுக்கிறார். புல்லாங்குழல் வாசிப்பவர் வீடுகளுக்குச் சென்று குழந்தைகளுக்குக் கற்றுத் தருகிறார். டிரம்ஸ் வாசிப்பவர் துறைமுகத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. இது வடசென்னைக்குப் புதிய ஏற்பாடு அன்று. பெரம்பூர் ரயில்வே இன்ஸ்டிடியூட்டின் நடன அரங்கில் மாலை வேளைகளில் சாக்சபோனும் டிரம்பெட்டும் வாசித்த ஆங்கிலோ இந்தியர்களுள் பலர் பகலில் ரயில்வே ஊழியர்கள். அவர்களுடைய இசையை ரயில்வேயின் மாதச் சம்பளம் தாங்கியது. சம்பளத்தோடு விடுப்பும் ஓய்வூதியமும் இருந்தன. இன்று கூரியர் வேலையில் இரவுக் கச்சேரிக்குப் பிறகு மறுநாள் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. 2,500 ரூபாயிலிருந்து அதையும் கழித்துப் பார்க்க வேண்டும்.

இனி உங்களோடு தொடர்புடைய பகுதிக்கு வருகிறேன். நம் வழக்கப்படி, தேதி பேசி முடித்ததும் வெற்றிலை பாக்கோடு 1,001 ரூபாய் அட்வான்ஸ் தருகிறீர்கள். அதை மரியாதையாகவே வாங்கிக்கொள்கிறோம். அந்த நிமிடத்திலிருந்து அந்த இரவு உங்களுக்குச் சொந்தம். வேறு எவர் கேட்டாலும் மறுத்துவிடுகிறோம். ஆனால் அந்த இரவு எங்களுக்குச் சொந்தமா என்பது கடைசி வரை தெரிவதில்லை. தெருவில் ஒரு துக்கம் நேர்ந்தால் கச்சேரி நிற்கும். நிற்கத்தான் வேண்டும், அதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. மழை வந்தால் நிற்கும். தேர்தல் நடத்தை விதிகள் வந்தால் அனுமதி சிக்கலாகும். காவல் நிலைய அனுமதி கடைசி நாளில் கிடைக்காமல் போகும். வசூல் குறைந்துவிட்டதால் கச்சேரிக்குப் பதிலாக டிஜே வைத்துக்கொள்கிறோம் என்று முந்தைய நாள் தொலைபேசி வரும். காரணம் எதுவாக இருந்தாலும் எங்களுக்கு மிஞ்சுவது அந்த 1,001 ரூபாய்தான். வேனுக்குக் கொடுத்த முன்பணம்கூட அதில் தேறாது. கடைசிக் காரணத்துக்கும் முதல் காரணத்துக்கும் உள்ள வேறுபாடு, எழுத்தில் இல்லாத ஓர் ஒப்பந்தத்தில் எங்கும் பதிவாவதில்லை.

கச்சேரி நடந்த இரவுகளிலும் ஒரு தகராறு வழக்கமாகிவிட்டது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொது இடங்களில் ஒலிபெருக்கி பயன்படுத்தக் கூடாது. ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல் சில விழா நாட்களில் மட்டும் நள்ளிரவு வரை மாநில அரசு தளர்த்தலாம். இந்த விதி நல்லது என்றே நான் கருதுகிறேன். மேடைக்கு எதிர் வீட்டில் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை எங்கள் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம். ஆனால் ஏழு மணிக்குத் தொடங்க வேண்டிய கச்சேரி, பிரமுகர்கள் வந்து, ஒவ்வொருவருக்கும் பொன்னாடை போர்த்தி, ஒவ்வொருவரும் வாழ்த்துரை வழங்கி முடியும்போது எட்டரை ஆகிவிடுகிறது. பத்து மணிக்குக் காவலர் வந்து மைக்கை அணைக்கச் சொல்கிறார். பிறகு, “மூன்று மணி நேரம் பேசினோம், ஒன்றரை மணி நேரம்தானே பாடினீர்கள்” என்று தொகை குறைக்கப்படுகிறது. நாங்கள் ஏழு மணிக்கு மேடையில் தயாராக உட்கார்ந்திருந்தோம் என்பதற்குச் சாட்சி மேடையில் இருந்த அத்தனை பேரும்தான்; இருந்தும் நள்ளிரவில் அவர்களுள் எவரும் அங்கே இருப்பதில்லை. தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் தாளில் எழுதப்பட்டிருந்து, தாமதம் விழாவின் தரப்பில் நேர்ந்தால் தொகை குறையாது என்ற ஒரு வரியும் இருந்தால், அந்த நேரத்தில் நீங்களும் நாங்களும் குரலை உயர்த்த வேண்டியிராது.

தாளின் பயன் கச்சேரி இரவோடு முடிவதில்லை என்பதற்காகவே இந்த மடலை எழுதத் துணிந்தேன். எங்களுள் ஒருவர் கீபோர்டு வாங்க வங்கிக்குப் போனால் முதலில் கேட்கப்படுவது வருமானச் சான்று: சம்பளச் சீட்டு, வருமான வரிக் கணக்கு, அல்லது வங்கிக் கணக்கின் ஆறு மாத வரவுசெலவு. பல ஆண்டுகளாக வாசித்துச் சம்பாதித்தவரின் கணக்குப் புத்தகத்தில் அவர் வாசித்ததற்கான தடயமே இருப்பதில்லை. எல்லாம் நள்ளிரவில் கவரில் வாங்கிய ரொக்கம். ஆகவே வீட்டுப் பெண்களின் நகை அடகுக்கடைக்குப் போகிறது. நகையும் தீர்ந்தால் தண்டல். 10,000 ரூபாய்த் தண்டல் எடுத்தால் 1,500 ரூபாயை முதலிலேயே பிடித்துக்கொண்டு 8,500 ரூபாயைக் கையில் தருவார்கள். நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாட்கள் கட்ட வேண்டும். அதாவது, கையில் வாங்கிய தொகைக்குச் சற்றேறக்குறைய 18 விழுக்காடு, அதுவும் மூன்று மாதத்துச் சொச்சத்தில். வங்கியில் இதே தொகைக்கு ஓராண்டு வட்டியே அதைவிடக் குறைவாக இருக்கும். இந்த வித்தியாசத்தை நாங்கள் இசைக்காகக் கொடுக்கவில்லை. ஒரு காகிதம் இல்லாததற்காகக் கொடுக்கிறோம். வாடகைக்கு வீடு பார்க்கப் போனாலும் இதே கதைதான். வேலை என்ன, மாதச் சம்பளம் எவ்வளவு என்று வீட்டுக்காரர் கேட்பார். இசைக் கலைஞர் என்று சொன்னால் இரண்டு சந்தேகங்கள் ஒன்றாக வரும்: வாடகை வருமா, சத்தம் வருமா. இரண்டாவது சந்தேகத்துக்கு ஹெட்போனைக் காட்டிச் சமாதானம் சொல்லலாம். முதலாவதற்குக் காட்ட எதுவும் இல்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் கொருக்குப்பேட்டையிலும் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது உங்களுக்கு நினைவிருக்கும். எண்ணூர்ப் பக்கம் தண்ணீரோடு எண்ணெயும் வந்தது. தமிழ்நாடு அரசு பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு 6,000 ரூபாய் நிவாரணம் வழங்கியது. அது குடும்பத்துக்கான தொகை. தரைத்தளத்தில் வைத்திருந்த கீபோர்டும் ஆம்ப்ளிஃபயரும் நனைந்து போனவர்களுக்கு அவை வீட்டுச் சாமான்கள் அல்ல, தொழில் கருவிகள் என்று நிரூபிக்க வழி இருக்கவில்லை. கருவிக்குக் காப்பீடு எடுக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. பழைய கருவியாகக் கைமாறி வாங்கியதால் ரசீது இல்லை. தொழில் நடக்கிறது என்று காட்ட ஒப்பந்தங்களும் இல்லை. 2020 மார்ச் மாத இறுதியில் ஊரடங்கு வந்தபோது பங்குனி, சித்திரை, ஆடி என்று அந்த ஆண்டின் சீசன் முழுவதும் போயிற்று, அடுத்த ஆண்டும் பாதிக்கு மேல் போயிற்று. அந்த நாட்களிலும் உதவி கேட்டுப் போன இடங்களில் எல்லாம் முதலில் எழுந்த கேள்வி, நீங்கள் கலைஞர் என்பதற்கு என்ன ஆதாரம் என்பதே. தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றத்தின் வழியாக நலிந்த நிலையிலுள்ள கலைஞர்களுக்கு மாதந்தோறும் உதவித்தொகை வழங்கப்படுகிறது. நாட்டுப்புறக் கலைஞர்களுக்குத் தனி நல வாரியமும் இருக்கிறது. அறுபதை நெருங்கும் ஒரு தாளக் கலைஞர் அந்தக் கதவுகளைத் தட்டும்போது, இத்தனை ஆண்டுகள் இத்தனை தெருக்களில் வாசித்தேன் என்று காட்ட உங்கள் குழுவின் முத்திரை பதித்த தாள்கள் ஒரு கட்டு இருந்தால், அவர் தம் பழைய புகைப்படங்களைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை.

தாள் எழுதினால் வரி வந்துவிடும் என்று உங்களுள் சிலரும் எங்களுள் சிலரும் அஞ்சுகிறோம். ரொக்கமே பாதுகாப்பு என்று நினைக்கும் குழுத் தலைவர்கள் எங்கள் தரப்பிலும் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. 2025-26ஆம் நிதியாண்டு முதல் புதிய வரி முறையில் 12 லட்சம் ரூபாய் வரை ஆண்டு வருமானம் உள்ள தனிநபர் வருமான வரி கட்ட வேண்டியதில்லை. எங்கள் குழுவின் பன்னிரண்டு பேரில் ஒருவர்கூட அந்த எல்லையின் பக்கத்தில் இல்லை. உண்மையில் கணக்கு எழுதாததால்தான், வரியாகப் பிடிக்கப்பட்ட பணத்தை நாங்கள் இழக்கிறோம். நிறுவன விழாக்களுக்கும் பெரிய மண்டபங்களுக்கும் எங்களை அழைத்துச் செல்லும் நிகழ்ச்சி நிறுவனங்கள் தொழில்முறைக் கட்டணம் என்ற கணக்கில் 10 விழுக்காட்டை வரியாகப் பிடித்துக்கொண்டுதான் காசோலை தருகின்றன. 50,000 ரூபாய்க்கு 5,000 ரூபாய் அப்படிப் போகும். வரிக் கணக்குத் தாக்கல் செய்தால் அது திரும்பி வரும். ஆனால் காசோலை குழுத் தலைவரின் பெயரில் இருப்பதால், பன்னிரண்டு பேரின் வருமானமும் அவர் ஒருவருடைய வருமானமாகவே பதிவாகிறது. மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்ததற்கு எழுத்து இல்லை. ஆகவே அவர் தாக்கல் செய்யவே தயங்குகிறார். பிடித்த பணம் திரும்பி வராமலே கிடக்கிறது. உங்கள் விழாக்களுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை என்றாலும், எழுதும் பழக்கம் உங்களிடமிருந்து தொடங்கினால் எங்களுக்குள்ளும் அது பரவும் என்பதால் இதைச் சொல்கிறேன்.

கானா பாடுபவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவர்கள் எங்களைவிடக் கடினமான இடத்தில் நிற்கிறார்கள். இறந்தவர் வீட்டு வாசலில் இரவு முழுவதும் பாடுகிறவர் அங்கே தொகை பேச முடியாது, பேசவும் மாட்டார். சட்டி மேளமும் பறையும் அடிப்பவர்களுக்கு, கூலியோடு சாதியின் இளக்காரமும் சேர்த்தே கொடுக்கப்பட்டு வந்த ஊர் இது. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு முதல் முறையாக மேடையேறியபோதும், 2023இல் சென்னை சங்கமம் கலைவிழா மீண்டும் தொடங்கியபோதும், வடசென்னையின் குரல்கள் நகரத்தின் பொது மேடைகளில் கேட்டன. அதில் எங்கள் அனைவருக்கும் பெருமைதான். அந்தப் பெருமை, தெருவில் பாடும் மற்றவர்களின் தொகையை உயர்த்தவில்லை. துக்க வீட்டில் தாள் கேட்கச் சொல்லி நான் எவரையும் தூண்டவில்லை. பதினாறாம் நாள் நிகழ்ச்சிக்கும், நினைவேந்தல் கூட்டங்களுக்கும், உங்கள் மன்ற மேடைகளுக்கும் அதே பாடகரை அழைக்கிறீர்களே, அங்கே அவருக்குத் தாள் தர முடியும்.

அந்த மேடைகளில் இன்னொன்றும் நடக்கிறது. கச்சேரி முழுவதையும் ஒளிப்பதிவு செய்து யூடியூப் சேனலில் ஏற்றுகிறார்கள்; சில சமயம் விழாக் குழுவின் சேனலிலேயே. பாடகருக்குத் தெரிவதுகூட இல்லை. 1994ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு நம் பதிப்புரிமைச் சட்டம், மேடையில் நிகழ்த்துபவரின் ஒப்புதல் இல்லாமல் அவருடைய நிகழ்ச்சியைப் பதிவு செய்து வெளியிடுவதை உரிமை மீறலாகக் கருதுகிறது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம், வணிகப் பயன்பாட்டில் அவருக்கு உரிமைத்தொகை பெறும் தகுதியையும் சேர்த்தது. சொந்தமாகப் பாட்டுக் கட்டிப் பாடும் கானாக்காரருக்கு இது வாழ்வாதாரம். ஒளிப்பதிவு உண்டா, யார் வெளியிடுவார்கள், வருமானம் வந்தால் எப்படிப் பிரிப்பது என்பதைத் தாளில் இரண்டு வரியில் எழுதிவிடலாம். திரைப்பாடல்களைப் பாடும் எங்களைப் போன்றவர்களின் விஷயம் வேறு. அந்தப் பாடல்கள் எங்களுடையவை அல்ல, அதில் நாங்கள் பெரிதாக உரிமை கொண்டாட மாட்டோம்.

நீங்களும் பணக்காரர்கள் அல்லர் என்பதை நான் அறிவேன். எங்கள் தெருக் குழுவின் பொருளாளர் ஆட்டோ ஓட்டுகிறார். வசூல் நோட்டோடு வீடு வீடாகப் போய் இருநூறும் ஐந்நூறுமாகச் சேர்த்து, பந்தலுக்கும் பூவுக்கும் கூழுக்கும் கொடுத்தது போக மிஞ்சுவதில்தான் கச்சேரி. கடைசி நாள் வரை வசூல் வந்துகொண்டே இருப்பதால், முன்கூட்டியே எழுதித் தர உங்களுக்குத் தயக்கம் இருப்பது நியாயம். ஒரு காலத்தில் இந்த வடபகுதியில் இசைக்குப் புரவலர்கள் வேறு மாதிரி இருந்தார்கள். கர்நாடக இசை மேதை முத்துசுவாமி தீட்சிதரின் தந்தை இராமசுவாமி தீட்சிதரின் குடும்பத்தை ஆதரித்தவர்கள் மணலி முதலியார்கள். அந்த ஆதரவில் இருந்தபோதுதான் முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கிலேயரின் பேண்டு இசையைக் கேட்டு நோட்டு சுவரங்கள் என்ற மேற்கத்திய மெட்டுப் பாடல்களை ஆக்கினார் என்பது வரலாறு. இசைக் கலைஞரைக் குடும்பத்தோடு தங்க வைத்துக் காத்த புரவலர் மணலி முதலியார். ஜார்ஜ் டவுனின் இராமகிருஷ்ண செட்டித் தெருவில் வீணை தனம்மாள் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசித்ததைக் கேட்க நகரின் ரசிகர்கள் எல்லாம் வந்தார்கள். 1938இல் அவர் மறையும் வரை அவ்வளவு பெரிய புகழும் அவரைப் பண நெருக்கடியிலிருந்து காக்கவில்லை. மணலி முதலியார் இன்று இல்லை. இப்பகுதியின் இசைக்கு இன்று புரவலர்கள் நீங்கள்தான், அந்த வசூல் நோட்டுதான். உங்களிடம் மணலி முதலியார் தந்ததைப் போன்ற கொடையை நாங்கள் கேட்கவில்லை. தொகையைக்கூட உயர்த்தக் கேட்கவில்லை. 40,000 என்று பேசினால் 40,000 என்று எழுதித் தாருங்கள் என்பதே கோரிக்கை.

எங்கள் குழு ஒரு மாதிரித் தாளைத் தயாரித்திருக்கிறது. நாள், இடம், தொடங்கும் நேரம், முடியும் நேரம், மொத்தத் தொகை ஆகியவற்றுக்கு இடம் விட்டிருக்கிறோம். அட்வான்ஸ் 1,001 ரூபாயாகவே இருக்கட்டும், அந்த வழக்கத்தை மாற்ற எங்களுக்கு விருப்பமில்லை. ஆனால் நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன்னதாகத் தொகையில் கால் பங்கு வந்தால் வேனுக்கும் ஒத்திகைக்கும் நாங்கள் தண்டல் எடுக்க வேண்டியிராது. துக்கம், மழை, காவல் துறையின் மறுப்பு ஆகியவற்றால் நின்றால் அந்தக் கால் பங்கோடு முடித்துக்கொள்கிறோம், இன்னொரு நாள் அதே விழாவை நடத்தினால் அதைக் கழித்துக்கொள்கிறோம். விழாக் குழுவின் முடிவால், நிகழ்ச்சிக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிறுத்தப்பட்டால் பாதித் தொகை தர வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். எங்கள் தரப்பிலிருந்து வராமல் போனால் வாங்கிய பணத்தைத் திருப்புவதோடு மாற்றுக் குழுவை ஏற்பாடு செய்வதும் எங்கள் பொறுப்பு என்றும் எழுதியிருக்கிறோம். மீதிப் பணம் நள்ளிரவில் அல்லாமல் இடைவேளையில் தரப்பட வேண்டும். பொருளாளர் அப்போது மேடையருகில் இருப்பார், வசூல் பெட்டியும் இருக்கும். பன்னிரண்டு பேரின் பெயரும் பங்கும் தாளின் பின்பக்கத்தில் எழுதப்பட்டு அவரவர் கையெழுத்து வாங்கப்படும். அது எங்கள் உள் விவகாரம் என்றாலும், நீங்கள் பார்ப்பதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. இவற்றுள் எந்த வரி உங்களுக்கு ஒத்துவராதோ அதை அடித்துவிட்டு உங்கள் வரியை எழுதுங்கள், உட்கார்ந்து பேசலாம்.

ஆடித் தேதிகளைப் பேச வழக்கம்போலச் சித்திரை முடிவதற்குள் உங்களிடம் வருவோம். அப்போது இந்தத் தாளை இரண்டு பிரதிகள் கொண்டு வருகிறோம். தலைவர், பொருளாளர் என இருவர் கையெழுத்து வேண்டும். ஏனென்றால் விழா முடிந்ததும் குழு கலைந்து, அடுத்த ஆண்டு நிர்வாகிகள் மாறிவிடுவதும் உண்டு. முத்திரை இல்லாத குழுக்கள் விழா அழைப்பிதழ் ஒன்றைத் தாளோடு இணைத்துத் தந்தால் போதும்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டையிலிருந்து,
மெல்லிசைக் குழு ஒன்றின் தாளக் கலைஞரும் கணக்கரும்